நீலச் சட்டை

பெயரிலேயே சவுண்டு இருக்கிறதே என்று
பெண் பார்க்க வந்த அன்று சிரித்தாள் என் தங்கை.
சவுண்டப்பன். குகை. தறிக்காரர் வீட்டு மூன்றாவது பிள்ளை.
காபி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்கூட
அன்றைக்கு அவரிடமிருந்து வரவில்லை.

ஆடியில் வண்டி வேடிக்கை.
பதினான்கு வயதில் அதில்தான் முதல் வேடம்:
மகிஷனுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் இரண்டாவது அசுரன்.
மாரியம்மன் கோயிலை வண்டி சுற்றி வரும் வரை
இமைக்கவே இல்லையாம்.
அசுரன் கண் சிமிட்ட மாட்டானா என்று கேட்டேன்.
"செத்துக்கொண்டிருக்கிறவன் சிமிட்ட மாட்டான்."

அதற்குப் பிறகு சாவு அவருக்குக் கைவந்த வேலை.

நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு.
வீட்டிலும் ஒரு நோட்டு. வலப்பக்கம் ரூபாய்,
இடப்பக்கம் அன்றைக்கு யாராக இருந்தார் என்பது.
துரியோதனன், நூற்றைம்பது,
அதில் நாற்பது ஒப்பனைக்காரருக்குப் பாக்கி.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைக்காரர்கள் ஆண்டுவிழாவில் கஞ்சன்.
பணம் தரவில்லை, ஒரு ஜோடி கொலுசு தந்தார்கள்.
இடது காலில் இரண்டு மணி குறைவு.
இன்னும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.
ஏற்காடு கோடை விழா மேடையில்
காட்டுப்பன்றியும் இவரே, அதைச் சுட்ட துரையும் இவரே.
மழை பிடித்துக்கொண்டு
துரையின் மீசை பன்றிமேல் ஒட்டிக்கொண்டது.
சனம் அதற்குத்தான் எழுந்து நின்று கை தட்டியது.

சென்னை கூப்பிட்டபோது நாற்பத்தொரு வயது.
வியாழன் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ், மேல் பெர்த்.
வெள்ளிக்கிழமை நீதிபதி, சனிக்கிழமை கிட்னி டாக்டர்.
ஒரு தொடரில் "ஐயோ" மட்டும்தான் வசனம்.
குளியலறையில் அதை விதவிதமாகச் சொல்லிப் பார்க்க,
கீழ் வீட்டு ஜமுனா ஒன்பதாவது ஐயோவுக்கு
ஓடி வந்து கதவைத் தட்டிவிட்டாள்.
அந்த வாரம் முழுக்க அவருக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு அந்த அப்பா வேடம்.
நீலக் கட்டம் போட்ட சட்டை.
நாற்பதாவது எபிசோடில் லாரி மோதியது.
அதற்கப்புறம் அறுநூறு எபிசோடு, மாலை போட்ட படமாகச் சுவரில்.
படத்துக்குச் சம்பளம் கிடையாது.
இடப்பக்கம் "சுவர்" என்று எழுதி
வலப்பக்கம் கோடு இழுத்தேன்.
ஆனந்தா பாலத்துப் பூக்காரி
இவருக்கு முழம் அளக்க மறுத்துவிட்டாள்:
"உங்களுக்குத்தான் போட்டாச்சே, சாமி."

போன மார்கழியில் உள்ளூரிலேயே ஒரு வேலை.
மருத்துவக் கல்லூரிப் பரீட்சைக்கு
நோயாளியாக நடிக்க வேண்டும்.
ஐந்து மாணவர்கள், ஒரே வயிற்றுவலி, தலைக்கு இருநூறு.
வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்டால் அதிகம்,
முதுகுப் பக்கம் போகும்.
நான்கு பேர் கேட்டார்கள், அமுக்கினார்கள், எழுதிக்கொண்டு போனார்கள்.
ஐந்தாவது ஓமலூர்ப் பெண்.
ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தவள் எடுக்கவே இல்லை.
"சார், இதையும் நடிக்கிறீங்களா?"

அவர் வசனம் மறந்த ஒரே நாள் அது.

வால்வு என்றார்கள்.
அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு மார்க் என்று தெரியவில்லை,
கேள்வியில் வயிறு மட்டும்தான் இருந்தது.
நோட்டில் "நோயாளி, ஆயிரம்" என்று எழுதிவிட்டு
அடுத்த பக்கத்தைப் புரட்டப் பிடிக்காமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று கம்பெனியிலிருந்து போன்.
தொடரில் மகளுக்குக் கல்யாணம்,
அப்பா கனவில் வந்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும்.
அதே சட்டை. காலரைத் திருப்பித் தைத்தேன்.
மாத்திரைப் பட்டையைப் பையில் வைத்தேன்.
எடுத்துவிட்டார்.
லாரி மோதும்போது பை தட்டையாக இருந்ததாம்,
கன்டினியூட்டி.
"செத்தவன் மாத்திரை வைத்திருப்பானா, சொல்?"

ஜங்ஷன், பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம்.
வண்டி வருகிற வெளிச்சம் தெரிந்ததும்
குனிந்து பட்டையை அவர் சாக்ஸுக்குள் சொருகினேன்.
"என்ன இது, எல்லோரும் பார்க்கிறார்கள்" என்று நெளிந்தார்.

பார்க்கட்டுமே.
என்றைக்கு வேண்டாம் என்றீர்கள்?